முயல் வாங்கும் முன், ஒரு மீட்பு முயலுக்குக் கொஞ்ச நாள் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஏற்ற செல்லப் பிராணிகள் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மீனுக்கு அடுத்தபடியாக முயலைச் சொல்லியிருந்தீர்கள். சத்தம் போடாது, வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டாம், ஒரு கூண்டும் கொஞ்சம் கேரட்டும் இருந்தால் போதும் என்று எழுதியிருந்தது. கைவிடப்பட்ட முயல்களை மீட்கிற தன்னார்வக் குழு ஒன்றுக்காகப் பல வருடங்களாக என் வீட்டில் முயல்களை வைத்துப் பார்த்துக்கொண்டு, நல்ல வீடு அமைந்ததும் தத்துக் கொடுத்து வருகிறேன். எங்களிடம் வந்து சேரும் முயல்களில் பெரும்பாலானவை இந்த மாதிரி இரண்டு மூன்று வரியை நம்பி வாங்கப்பட்டவைதான். அதனால்தான் இந்தக் கடிதம்.

முயலை யாரும் கெட்ட எண்ணத்தோடு வாங்குவதில்லை. குழந்தை கேட்கிறது, உள்ளங்கையில் அடங்குகிற குட்டியைப் பார்த்தால் பெரியவர்களுக்கும் மனசு இளகிவிடுகிறது, வாங்கி வந்துவிடுகிறார்கள். நாலு மாதம் போல ஆனதும் அது பருவத்துக்கு வருகிறது. அதுவரை மடியில் உட்கார்ந்த குட்டி காலைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, கையை நீட்டினால் உறுமிக்கொண்டு பாய்கிறது, கண்ட இடத்தில் சிறுநீரைப் பீய்ச்சுகிறது, வயரைக் கடித்துத் துண்டாக்குகிறது. குணம் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மொட்டை மாடியிலோ பின்கட்டிலோ கூண்டை வைத்துவிடுகிறார்கள். அங்கே தனியாகக் கிடந்து அது இன்னும் மிரளுகிறது. கடைசியில் ஒரு நாள் பூங்காவிலோ வயல்வெளியிலோ, இனி சுதந்திரமாக இருக்கட்டும் என்று சொல்லி விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். இந்தக் கடைசிக் காரியம்தான் எனக்குப் பொறுக்க முடியாதது. வீட்டு முயல் பல தலைமுறையாக மனிதர் கையில் வளர்ந்த பிராணி. வெள்ளையும் கறுப்புமாக அதன் உடம்பில் இருக்கிற நிறம் புல்லில் ஒளிந்துகொள்ள உதவாது, வளை தோண்டிப் பத்திரமாக இருக்கவும் அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாய், பருந்து, வெயில், பசி, இவற்றில் ஏதோ ஒன்று சில நாட்களுக்குள் அதை முடித்துவிடும். யாராவது பார்த்துச் சொல்லி, துரத்திப் பிடித்து, எங்களிடம் வருகிறவை தப்பிப் பிழைத்த கொஞ்சம்தான்.

அந்தப் பருவக் கோளாறுக்கு மருந்து இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிட்டால் சில வாரங்களில் இந்தப் பாய்ச்சலும் சிறுநீர் பீய்ச்சுவதும் பெரும்பாலும் அடங்கிவிடும், பூனையைப் போல ஒரு தட்டில் போய்க் கழிக்கவும் பழகிக்கொள்ளும். பெண் முயலுக்கு இது உயிர் காக்கிற விஷயமும்கூட, ஏனென்றால் கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு நாலு வயதைத் தாண்டினால் கருப்பைப் புற்றுநோய் வருவது மிகச் சாதாரணம். இரண்டும் பெண் என்று சொல்லி விற்ற ஜோடியில் ஒன்று ஆணாக இருப்பதும் அடிக்கடி நடக்கிறது, குட்டியில் ஆண் பெண் பார்ப்பது அவ்வளவு கடினம். சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். குட்டி போட்ட அன்றைக்கே தாய் மறுபடி சினையாகிவிட முடியும். ஒரு ஜோடி வாங்கின வீட்டிலிருந்து ஒரே வருடத்தில் ஒரு பட்டாளத்தையே எடுத்து வர வேண்டியிருப்பது இதனால்தான். ஆணுக்கு அறுவை சிகிச்சை முடிந்த பிறகும் சில வாரங்களுக்கு அதனால் குட்டி உண்டாகலாம், அதுவரை பெண்ணிடமிருந்து பிரித்துத்தான் வைக்க வேண்டும்.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். முயல் வளர்க்க ஆசைப்படுகிறவர்களை வேண்டாம் என்று தடுப்பது என் நோக்கம் இல்லை. வாங்குவதற்கு முன்னால் மீட்கப்பட்ட முயல் ஒன்றைத் தற்காலிகமாக உங்கள் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். எந்த மீட்புக் குழுவைக் கேட்டாலும் பணத்தைவிட இடம்தான் பெரிய தட்டுப்பாடு என்பார்கள். காப்பகம் என்று பெரிய கட்டடம் எல்லாம் பெரும்பாலான குழுக்களுக்குக் கிடையாது, தன்னார்வலர்களின் வீட்டு அறைகள்தான் காப்பகம். ஒரு வீடு கூடுதலாகக் கிடைத்தால் தெருவிலிருந்து ஒரு முயலைக் கூடுதலாக எடுக்க முடியும், கிடைக்காவிட்டால் தகவல் வந்தும் எடுக்க முடியாது. பொதுவாக மருத்துவச் செலவைக் குழுவே ஏற்றுக்கொள்ளும், நீங்கள் கொடுப்பது ஒரு அறையின் மூலையும் தினமும் கொஞ்ச நேரமும்தான். ஒத்துவரவில்லை என்றால் முயலைத் திருப்பிக் கொடுக்கலாம், அதில் யாருக்கும் வருத்தம் இருக்காது, அதற்காகத்தானே தற்காலிகம் என்கிறோம்.

அந்த மூலையில் என்ன வேண்டும்? கம்பிக் கூண்டு வேண்டாம். முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு இருக்கிற மாதிரி மெத்தென்ற சதை கிடையாது, ரோமம் மட்டும்தான், அதனால் கம்பி மேலேயே நின்றுகொண்டிருந்தால் குதிகால் புண்ணாகிவிடும். அது மூன்று நான்கு தடவை தாவிப் போகிற அளவுக்கு ஒரு தடுப்பு போட்டால் போதும். தரையில் பாய், ஒளிந்துகொள்ள இரண்டு பக்கமும் வாசல் வெட்டின அட்டைப் பெட்டி ஒன்று, கனமான கிண்ணத்தில் தண்ணீர், கழிவுத் தட்டு, தட்டின் தலைமாட்டில் கை நிறைய உலர்ந்த புல். முயலுக்குச் சாப்பிடும்போதே கழிக்கிற பழக்கம் உண்டு, புல்லைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாலே பாதிப் பயிற்சி முடிந்தது. சாப்பாட்டில் பெரும் பங்கு, நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல், புல்லாகத்தான் இருக்க வேண்டும். முன்பற்கள் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்கும் மேல் வளர்ந்துகொண்டே இருக்கும், கடைவாய்ப் பற்களும் அப்படித்தான். நாள் முழுக்கப் புல்லை அரைத்துக்கொண்டே இருந்தால்தான் அவை தேயும். தேயாவிட்டால் கடைவாய்ப் பல்லின் ஓரம் கூர்முனையாக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும், வலியில் அது சாப்பாட்டையே நிறுத்திவிடும். கேரட்டில் சர்க்கரை அதிகம், எப்போதாவது ஒரு சின்னத் துண்டு கொடுக்கலாம். கலர் கலரான விதைகள் கலந்த பாக்கெட் தீவனம் வேண்டவே வேண்டாம்.

போன வருடம் என்னிடம் வந்த ஒரு சாம்பல் நிறப் பெண் முயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். குதிகால் இரண்டிலும் ரோமம் போய், காய்ப்புக் காய்ச்சிச் சிவந்திருந்தது. நகம் வளைந்து பக்கவாட்டில் திரும்பியிருந்தது. கதவு திறந்தே இருந்தாலும் பாயின் விளிம்புவரை வரும், முன்னங்கால் ஒன்றை வழவழப்பான தரையில் வைத்துப் பார்க்கும், சறுக்கும், உடனே பின்வாங்கிவிடும். அறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சின்னச் சின்னத் தரைவிரிப்புகளைத் தீவு தீவாகப் போட்டு வைத்தேன், ஒவ்வொன்றிலும் ஒரு கொத்தமல்லித் தண்டு. நான் அதைக் கூப்பிடவும் இல்லை, தூக்கவும் இல்லை, தரையில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு தீவு, அப்புறம் இரண்டு, பிறகு அத்தனையும். கடைசியில் ஒரு மத்தியான நேரம் என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, கண்ணை மேலே செருகி, தொப்பென்று பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. முயல் வளர்த்துப் பழகாதவர்கள் இதைப் பார்த்தால் செத்துவிட்டதோ என்று பதறிப்போவார்கள். முயல் அப்படி விழுந்து படுத்தால், இங்கே என்னை யாரும் தின்ன மாட்டார்கள் என்று அது முடிவு செய்துவிட்டது என்று அர்த்தம். மற்ற மிருகங்களுக்கு இரையாகவே பிறந்த ஒரு ஜீவன் நம் பக்கத்தில் வயிற்றைக் காட்டிக்கொண்டு படுக்கிறது என்றால் அது சாதாரண விஷயமா?

இரையாகிற பிராணி என்பதை மனதில் வைத்துக்கொண்டால் முயலின் எல்லா நடத்தையும் புரிந்துவிடும். அதற்குக் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன, சுற்றிலும் பின்னாலும்கூடத் தெரியும், ஆனால் மூக்குக்கு நேர் கீழே இருப்பது தெரியாது. அங்கே கையைக் கொண்டு போனால் மிரளும், நெற்றியில் மேலாகத் தடவினால் சொக்கிப்போகும். மேலேயிருந்து வந்து தூக்கினால் பருந்து தூக்குவதாகத்தான் அதன் உடம்புக்குத் தோன்றும், உதறும். முயலின் எலும்புக்கூடு அதன் மொத்த எடையில் எட்டில் ஒரு பங்கு என்றுகூடச் சொல்ல முடியாது, அதற்கும் குறைவு, பின்னங்கால் தசையோ பலமானது. பின்பக்கத்தைத் தாங்காமல் தூக்கும்போது அது ஓங்கி உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். சிறு குழந்தைகளுக்கு ஏற்ற பிராணி இல்லை என்று நான் சொல்வதற்கு முக்கியமான காரணம் இதுதான். குழந்தை இருக்கிற வீட்டில் முயல் இருக்கலாம், நன்றாகவே இருக்கலாம், ஆனால் பொறுப்பு பெரியவர் ஒருவருடையதாக இருக்க வேண்டும். குழந்தை தரையில் உட்கார்ந்து, முயல் தானாக வரும்வரை காத்திருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நோயையும் முயல் கடைசிவரை மறைக்கும். இதை நான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் கையை விட்டுப் போன முயல்களில் பல இப்படித்தான் போயின. தினமும் காலையில் கழிவுத் தட்டைப் பார்ப்பது ஒரு கடமை. புழுக்கை உருண்டையாக, ஒரே அளவாக, உடைத்தால் உள்ளே புல் நார் தெரிகிற மாதிரி இருந்தால் நிம்மதி. அளவு சிறுத்தாலோ, ரோமத்தில் கோத்த மாதிரி தொடர்ந்து வந்தாலோ, தட்டு காலியாக இருந்தாலோ குடல் மந்தமாகிவிட்டது என்று பொருள். அப்போது முயல் உடம்பைக் குறுக்கிக்கொண்டு மூலையில் உட்காரும், பிடித்த கீரையை மூக்கருகில் வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பல்லை நறநறவென்று கடிக்கும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் அது அவசர நிலை, நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது, ராத்திரியானாலும் மருத்துவரிடம் ஓட வேண்டும். குடல் அடைப்பா வெறும் மந்தமா என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஊசியில்லாத சிரிஞ்சில் கரைத்த தீவனத்தைக் கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டலாம். காலையில் தட்டில் முதல் புழுக்கையைப் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

இதே முயல் ராத்திரியில் மென்மையாக இன்னொரு வகைப் புழுக்கையையும் போட்டு, அதைத் தானே நேராக வாயால் எடுத்துத் தின்னும். திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். அருவருப்பாக நினைக்க வேண்டாம், குடலில் நுண்ணுயிர்கள் தயாரித்த சத்தை அது இரண்டாம் முறை எடுத்துக்கொள்கிறது. ஆடு மாடு அசை போடுவதற்கு இது இணை.

மருத்துவர் விஷயத்திலும் முன்கூட்டியே விசாரித்து வைக்க வேண்டும். நாய், பூனை பார்க்கிற எல்லோருக்கும் முயல் பழக்கம் இருக்காது. வாய்வழி கொடுக்கிற அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிருக்கே உலை வைத்துவிடும், நாய்க்குப் போடுகிற ஃபிப்ரோனில் உண்ணி மருந்தும் முயலுக்கு ஆபத்து. அறுவை சிகிச்சைக்கு முன் பட்டினி போடச் சொன்னால் அவர் முயல் பார்க்கிறவர் இல்லை என்று புரிந்துகொள்ளலாம். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் பட்டினி தேவையே இல்லை, அது குடலைத்தான் கெடுக்கும். வெயிலும் எதிரிதான். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் உடம்புச் சூட்டை வெளியே விடும், 30 டிகிரியைத் தாண்டினாலே கவனம் வேண்டும். பின்பக்கம் ஈரமாகவோ அழுக்காகவோ கிடக்கிற முயலை ஈ மொய்த்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும், கோடையில் தினம் இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பேன்.

இத்தனையும் படித்துவிட்டு ஒருவர் பயந்து பின்வாங்கினால் அதுவும் நல்லதுதான். பயப்படாமல் வருகிறவர்களுக்கு, தற்காலிகப் பராமரிப்பில் இருந்த முயலைத் தத்தெடுப்பதில் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. அதன் குணம் முழுசாகத் தெரிந்திருக்கும். எது வயர் கடிக்கும், எது மடியில் ஏறும், எது பூனையைக் கண்டால் பயப்படாது, எதற்குப் பல் கோளாறு வரும் வாய்ப்பு இருக்கிறது என்று நான் சொல்வேன், கடைக்காரரால் சொல்ல முடியாது. முழுதாக வளர்ந்து, கருத்தடை முடிந்து, தட்டில் கழிக்கப் பழகிய முயலை விட்டுவிட்டுக் குட்டிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. குட்டி நாலு மாதம்தான் குட்டி, அப்புறம் எட்டு முதல் பன்னிரண்டு வருடம் அது வளர்ந்த முயலாகத்தானே இருக்கப்போகிறது?

நாங்கள் கேட்கிற கேள்விகள் சிலருக்குக் கோபத்தை உண்டாக்குகின்றன. வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, வாடகை வீடு என்றால் உரிமையாளருக்குத் தெரியுமா, யாருக்காவது புல் தூசியால் மூச்சு இரைப்பு உண்டா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், முயல் எந்த அறையில் இருக்கும் என்றெல்லாம் கேட்போம். முயல் கொடுக்க இத்தனை விசாரணையா, பெண் பார்க்க வந்த மாதிரி இருக்கிறதே என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். ஒரு தடவை கைவிடப்பட்ட உயிரை இரண்டாம் தடவை கைவிட வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் கேட்கிறோம். என்ன காரணமானாலும் வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் முயல் எங்களிடமே திரும்பி வர வேண்டும் என்று எழுதி வாங்குவதும் அதற்காகத்தான். ஜோடியாகப் பழகிவிட்ட முயல்களை நாங்கள் பிரித்துக் கொடுப்பதில்லை. ஒன்று மட்டும் போதும் என்று எவ்வளவு கெஞ்சினாலும் இதில் விட்டுக்கொடுப்பது கிடையாது. ஒன்றை ஒன்று நக்கிச் சுத்தம் செய்து, ஒட்டிக்கொண்டு தூங்கின துணையைப் பிரித்தால் மிச்சமிருக்கிறது சாப்பாட்டை நிறுத்திவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஏற்கெனவே தனி முயல் இருக்கிறவர்கள் இரண்டாவதைத் தேடி வந்தால் எனக்கு மெத்தச் சந்தோஷம். ஆனால் கொண்டுபோய் நேராக அதன் இடத்தில் விட்டுவிடாதீர்கள், ரத்தம் வரச் சண்டை போடும். இரண்டுக்கும் கருத்தடை முடிந்திருக்க வேண்டும், இரண்டுக்குமே புதிதான ஓர் இடத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்க, தினம் கொஞ்ச நேரம் என்று பழக்க வேண்டும். தற்காலிகமாக வைத்துப் பார்க்கிற ஏற்பாடு இங்கேயும் உதவும், இரண்டுக்கும் ஒத்துப்போகிறதா என்று தெரிந்த பிறகு தத்தெடுத்தால் போதும்.

வளர்த்த முயலைப் பிரிய மனசு வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வராதுதான். அந்தச் சாம்பல் முயல் போன அன்றைக்கு நான் அழுதேன். ஆனால் அது காலி செய்த மூலையில் அடுத்த வாரமே, கூண்டுக் கம்பியைக் கடித்துக் கடித்து முன்பல் உடைந்த ஒரு வெள்ளை முயல் வந்துவிட்டது. நான் முன்னதை வைத்துக்கொண்டிருந்தால் இதற்கு இடம் இருந்திருக்காது.

முயலை வீட்டுக்குள் வைத்து வளர்க்க வேண்டும், தத்தெடுக்க வேண்டும் என்று பேசுவது புதிதும் இல்லை. அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டிலேயே ஹவுஸ் ராபிட் சொசைட்டி என்ற அமைப்பு இதற்காகத் தொடங்கப்பட்டது. கலிபோர்னியாவில் செல்லப் பிராணிக் கடைகள் மீட்பு அமைப்புகளிலிருந்தும் காப்பகங்களிலிருந்தும் வந்த நாய், பூனை, முயல்களை மட்டுமே விற்கலாம் என்று 2019இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது, 2021 முதல் அங்கே கடைகள் இவற்றை விற்கவே கூடாது, நியூயார்க் மாநிலத்தில் 2024 டிசம்பரிலிருந்து இந்த மூன்றையும் கடையில் விற்கவே கூடாது. நாய், பூனையோடு முயலையும் சேர்த்துச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள் என்றால், அங்கேயும் கைவிடப்படுகிற முயல்களின் எண்ணிக்கை அப்படி இருந்திருக்கிறது.

சட்டம் வரும்போது வரட்டும். உங்களால் இந்த வாரமே செய்ய முடிந்த ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் வரி விளம்பரப் பக்கத்தில் செல்லப் பிராணிகள் விற்பனைக்கு என்று ஒரு பத்தி வருகிறது, முயல் குட்டிகளும் அதில் அடிக்கடி வருகின்றன. அதற்கு மேலேயே, கட்டணம் இல்லாமல், தத்துக்குக் காத்திருப்பவை என்று நாலு வரி ஒதுக்குங்கள். மீட்புக் குழுக்கள் முயலின் வயது, கருத்தடை ஆனதா இல்லையா, தனியா ஜோடியா, தத்துக்கா தற்காலிகப் பராமரிப்புக்கா என்ற விவரங்களை அனுப்பித் தருவார்கள். முயல் வளர்ப்பைப் பற்றி அடுத்த தடவை கட்டுரை போடுவதாக இருந்தால், அச்சுக்குப் போகும் முன் முயல் பார்க்கிற கால்நடை மருத்துவர் ஒருவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
மீட்பு முயல்களைப் பராமரிக்கும் ஒரு வாசகி